பிறப்பதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர்

1

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதியில் எண்பது நாள் பிசகியதற்காக ஒரு மனிதனைப் பிடித்து விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு கணம் நினைத்துவிட்டுத் தலையை உதறிக்கொள்ளவில்லை. முழுதாக இரண்டு நாள் நம்பினேன். அந்த இரண்டு நாளில் நான் செய்த காரியங்களை என் மனைவி மல்லிகா இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நடித்துக் காட்டுகிறாள். நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. நானே கைதட்டியிருக்கிறேன்.

துபாய் ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் எனக்கு வேலை. கப்பலில் வரும் பெட்டிகளுக்கும் அவற்றோடு வரும் காகிதங்களுக்கும் பொருத்தம் பார்ப்பது என் தொழில். இருபத்துநாலு வருடமாக இதைத்தான் செய்கிறேன். குடியிருப்பது சார்ஜாவில் ரோலா பக்கம். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் கடவுள் விட்ட வழி. காரில் பக்கத்து இருக்கையில் தினமும் டெரிக் அண்ணன். அவரும் ரோலாவில்தான் அறை எடுத்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் விசா, லீவு, இன்சூரன்ஸ் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறவர். திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். முழுப்பெயர் டெரிக் நோலன். நிறத்தைப் பார்த்துவிட்டு யாராவது இங்கிலீஷில் ஆரம்பித்தால் பொன்மலைத் தமிழில் பதில் சொல்லி அவர்களை நிலைகுலைய வைப்பது அவருடைய பொழுதுபோக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி டீயை எடுத்துக்கொண்டு அவர் கேபின் பக்கம் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. மேசையில் விரித்து வைத்திருந்தது என் ஃபைல். அந்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"தேதி ஒத்து வரல. ஒரு பேப்பர்ல ஒண்ணு, இன்னொண்ணுல வேற ஒண்ணு. பார்க்கறவன் என்ன சொல்லுவான்? ஆளே இவன் இல்லம்பான்... இல்ல, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. மூடி வச்சிடு. ஊருக்குப் போக வேண்டியதுதான்."

டீ என் கையிலேயே ஆறிப்போனது. சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். மறுமுனையில் யார் என்று யோசிக்கவில்லை. எந்த அதிகாரியிடம் அவர் தமிழில் பேசப்போகிறார் என்று ஒரு நொடி யோசித்திருந்தாலும் போதும். ஆனால் யோசிக்கிறவனுக்கு எதற்கு இந்தக் கட்டுரை?

2

என் பயத்துக்குக் காரணம் உண்டு. பாஸ்போர்ட்டில் நான் மே மாதம் பதினைந்தாம் தேதி பிறந்தவன். உண்மையில் அந்தத் தேதியில் நான் பிறக்கவில்லை. துறையூர் பக்கத்தில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் ஜூன் மாதச் சேர்க்கைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டவனுக்கு ஐந்து வயது. எனக்குக் கை கொஞ்சம் நீளம். பிறந்த தேதி என்ன என்று அப்பாவைக் கேட்டார். "ஆடி மாசமுங்க" என்றார் அப்பா. ஆடி என்றால் வயது போதாது. "அப்ப மே பதினைஞ்சுன்னு போட்டுக்கறேன்" என்று எழுதிவிட்டார். அன்று அவர் பேனாவில் மட்டும் எங்கள் வகுப்பில் பதினோரு பேர் மே பதினைந்தாம் தேதி பிறந்தோம். அப்பா கைநாட்டு வைத்தார்.

ஐம்பத்தோரு வயது வரை இதை நான் ஒரு குற்றமாக நினைத்ததே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அது போர்ஜரியாக மாறியது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, நான் என்னைக்கும்மா பொறந்தேன்?"

"எதுக்குடா இப்பக் கேக்கற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். சொல்லு."

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநா. கடலைக் காட்டுல களை எடுத்துட்டு இருந்தேன். வலி கண்டதும் மிச்சம் ரெண்டு வரிசையையும் முடிச்சிட்டுத்தான் வந்தேன். ஏன், அங்க யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கப் போறாங்கம்மா."

"கேட்டா எங்கிட்டப் பேசச் சொல்லு."

ஜாதகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தம்பி அனுப்பினான். என் மகள் யாழினி, பதினாறு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கட்டம் கட்டமாக இருந்ததைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது என்ன சுடோகுவா?" என்றாள்.

"என் ஜாதகம்."

"பாதிக்கு மேல எம்ப்டியா இருக்கு. நீங்க ஃபினிஷ் பண்ணவே இல்ல."

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒரே அதிர்ச்சிதான். "அப்போ நீங்க டாரஸ் இல்லையா? லியோவா? நான் என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் எங்கப்பா டிபிக்கல் டாரஸ்னு சொல்லி வச்சிருக்கேன்!" என்றாள். நாடு கடத்தப்படப் போகிற தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளைக்கு இருக்கும் கவலை இவ்வளவுதான்.

புதன்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று குடியேற்ற அதிகாரியிடம் சொல்ல வேண்டியதை இந்தியில் ஒத்திகை பார்த்தேன். "சாப், ஹெட்மாஸ்டர் நே கியா, மை நே நஹி கியா." செய்தது ஹெட்மாஸ்டர், நான் இல்லை என்று அர்த்தம். அதிகாரி அரபியாக இருப்பாரே என்று நினைவு வந்து, பாதியில் 'வல்லா' (சத்தியமாக), 'மாஃபி முஷ்கில்' (பிரச்சினை இல்லை) இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். மல்லிகா கதவுக்கு வெளியிலிருந்து, "யாருங்க உள்ள?" என்றாள். அன்று சாயந்திரம் கடைத்தெருவில் இரண்டு பெரிய பெட்டிகள் வாங்கி வந்தேன். துறையூர் பைபாஸில் கடை வாடகைக்குக் கிடைக்குமா என்று மச்சானைக் கேட்டேன். "என்ன கடை மாமா?" என்றான். அதை யோசிக்கவில்லை.

மல்லிகா பெட்டிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மே மாசத்துல பொறந்தவரு ஜாதகத்தையா எங்கப்பா பொருத்தம் பார்த்தாரு? ஆடி மாசத்துக்காரரத்தானே பார்த்தாரு? அப்ப நான் தப்பான ஆளைக் கட்டிக்கல. கவர்மெண்டுதான் தப்பான ஆளுக்கு விசா குடுத்திருக்கு. அவங்க கவலைப்படட்டும். நீங்க வந்து சாப்பிடுங்க."

3

இதில் கொடுமை, இந்த இரண்டு நாளும் டெரிக் அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். எப்போதும் வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்: பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடந்த நடனப் போட்டி, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் ஆறு மாதிரி வெளியே வருவது, இவர் அப்பா கோல் போட்ட ஹாக்கி ஆட்டம். இந்த இரண்டு நாளும் ஒரு வார்த்தை இல்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தூக்குப் போடுகிறவர் கைதியோடு பேச்சுக் கொடுக்கமாட்டார் என்று நான் புரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை நெடுஞ்சாலையில் வண்டிகள் அப்படியே உறைந்து நின்றன. என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காதைத் தொட்டது, கைநாட்டு, மே பதினைந்து, பதினோரு பேர், கடலைக் காடு. போனை எடுத்து ஜாதகத்தையும் காட்டினேன்.

"இருபத்துநாலு வருசம் ஒரு தப்புத்தண்டா பண்ணலண்ணே. நீங்களே எடுத்துச் சொன்னா மேல கேப்பாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

"செல்வா, நீ என்ன மேன் உளர்ற?"

"செவ்வாக்கிழமை போன்ல சொன்னீங்களேண்ணே. தேதி ஒத்து வரல, ஊருக்குப் போக வேண்டியதுதான்னு."

"அடப்பாவி. உன் ஃபைல் அன்னைக்கே மேல போயாச்சு. நேத்தே அப்ரூவலும் வந்தாச்சு. நான் என் பொண்ணுகிட்டப் பேசிட்டிருந்தது எங்க தாத்தாவப் பத்தி."

"தாத்தாவுக்கு எதுக்குண்ணே விசா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் தெரிந்தது, இரண்டு நாளாக அந்தக் காரில் பயந்துகொண்டு வந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று.

4

அவருக்கு வருகிற நவம்பரில் அறுபது. எங்கள் கம்பெனியில் அறுபதுக்கு மேல் விசா புதுப்பிப்பதில்லை. நமக்கெல்லாம் 'கலாஸ்', முடிந்தது, என்று சொல்லிவிட்டால் போக ஓர் ஊர் இருக்கிறது. அவருக்குப் பொன்மலையில் இருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ். அதில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அண்ணன் தம்பிகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனதோடு சரி. மனைவி இறந்து நாலு வருடம். இருக்கிற ஒரே உறவு மகள் ஷரோன், அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஆறு வயதில் ஏவா என்று ஒரு பெண். டெரிக் அண்ணன் விசிட் விசாவில் இரண்டு முறை போய்விட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் முறை விமான நிலையத்தில் ஏவா, "தாத்தா, ஏன் எப்பவும் பாதியிலயே போயிடறீங்க?" என்று கேட்டாளாம். அதை எங்களிடம் அவர் ஒரு தடவைதான் சொன்னார்.

அவருடைய அப்பாவின் அப்பா மைக்கேல் நோலன் அயர்லாந்தில் பிறந்தவர். இளைஞராக இந்தியாவுக்கு வந்து, திருச்சியில் ரயில் என்ஜின் ஓட்டி, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே மண்ணுக்குப் போனவர். தாத்தாவோ பாட்டியோ அந்த நாட்டு மண்ணில் பிறந்திருந்தால் பேரப்பிள்ளை தன்னையும் அந்நாட்டுக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம் என்பது அங்கே சட்டம். பதிந்துவிட்டால் அண்ணன் பாதியில் திரும்பி வர வேண்டியதில்லை.

அதற்குத் தாத்தாவின் பிறப்புப் பதிவு வேண்டும். கிடைத்தும் விட்டது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. திருச்சியில் இருந்த கல்யாணப் பதிவு, ரயில்வே வேலைப் பதிவு இரண்டிலும் தாத்தா பிறந்தது பிப்ரவரி. அவர் பிறந்த ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் கொடுத்த சான்றிதழிலும் ஞானஸ்நானம் பிப்ரவரி மூன்றாம் வாரம். ஆனால் அரசாங்கப் பிறப்புப் பதிவேட்டில் பிறந்தது மார்ச் கடைசி.

"பொறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கினவரு எங்க தாத்தா," என்றார் அண்ணன். "அந்த ஊர்ல இந்த மாதிரி பழைய பதிவு தேடித் தர்றவர் ஒருத்தர்கிட்ட ஷரோன் கேட்டா. இது ரெண்டும் வேற வேற குழந்தை, அந்த ஊர்ல அந்தப் பேரு ரொம்ப சகஜம், இதை வச்சு அனுப்பினா நிக்காதுன்னுட்டாரு."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டேன். "அண்ணே, அங்க பொறப்பப் பதியறதுக்குக் கெடு எதுவும் உண்டா?"

"உண்டாம். இத்தனை நாளைக்குள்ள போகணும். லேட்டாப் போனா ஃபைன்."

இருபத்துநாலு வருடம் இந்த நாட்டில் இருந்தவனுக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். விசா முடிந்து எத்தனை நாள் ஆனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம்.

"ஃபைன்னு ஒண்ணு இருக்கற எடத்துல தேதி தானா நகரும்ணே. புள்ள பொறந்தது பிப்ரவரி. கோவிலுக்கு உடனே தூக்கிட்டுப் போயிட்டாங்க. கவர்மெண்டு ஆபீஸ் எங்கயோ தூரத்துல இருந்திருக்கும். அப்பங்காரன் வேலைய எல்லாம் முடிச்சிட்டு ஆடி அசைஞ்சு போயிருப்பான். போனப்பறம் கெடு தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சிருக்கும். 'போன மாசம்தான் பொறந்தான் சார்'னு சொல்லிட்டு வந்துட்டான். எங்க ஹெட்மாஸ்டர் என்னைய முன்னாடி தள்ளினாரு, இவங்க உங்க தாத்தாவப் பின்னாடி தள்ளிட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

 ஜெபல் அலிக்குத் திரும்பும் வழிக்கு வந்தபோது அண்ணன், "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வர்றேன் மேன்," என்றார்.

5

வந்தார். மல்லிகா மீன் குழம்பு வைத்தாள். யாழினி லேப்டாப்பைத் திறந்தாள். நான் மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு கிடங்கில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தேன்.

அயர்லாந்து அரசாங்கம் நூறு வருடத்துக்கு முந்தைய பிறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறது. காசு இல்லை, வரிசை இல்லை, நாளை வா என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. ஷரோன் தன் ஓய்வு நாளில் பஸ் பிடித்துப் போய் அந்தக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த நோலன்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு குழந்தைக்கும் நேரே இரண்டு ஸ்பான்சர்கள். இங்கே எங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளிக்கும் அதே பெயர்தான், அரபியில் கஃபீல்.

"அங்கயும் கஃபீல் உண்டாண்ணே?"

"ஞானத்தகப்பன், ஞானத்தாய் மேன். பாஸ்போர்ட்ட எல்லாம் வாங்கி வச்சிக்க மாட்டாங்க."

தாத்தா பிறந்ததை ஒட்டிய மூன்று நாலு வருடத்துக்குள் அந்த ஊரில் மூன்று மைக்கேல் நோலன்கள். பழைய பதிவு தேடுகிறவரைக் குழப்பியது இதுதான். மல்லிகா குழம்புக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன குழப்பம்? அண்ணன் தம்பி மூணு பேரு. மூணு பேருக்கும் தலைப்பிள்ளை ஆணு. மூணு பேரும் அவங்க அப்பா பேர வச்சிருக்காங்க. எங்க வீட்டுல பெரியப்பா, எங்கப்பா, சித்தப்பா மூணு பேரு பையனும் ரங்கசாமிதான். பெரிய ரங்கன், நடு ரங்கன், குட்டி ரங்கன். அந்தந்த அம்மாவ வச்சுப் பிரிங்க."

பிரித்தோம். ஜேம்ஸ் - மேரி பிள்ளை ஒன்று. தாமஸ் - ஆன் பிள்ளை ஒன்று. ஜான் - பிரிஜெட் பிள்ளை ஒன்று. திருச்சிக் கல்யாணப் பதிவில் தகப்பன் பெயர் ஜான். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அதுலதானே மேன் தேதிக் கோளாறு? ஜான் - பிரிஜெட்டுன்னு ரெண்டு ஜோடி இருந்திருந்தா?"

இது என் இடம். பெட்டி ஒன்று, காகிதம் இரண்டு என்பது எனக்கு அன்றாடப் பிரச்சினை. "இருக்கட்டும்ணே. ரெண்டு குழந்தைன்னே வச்சிக்குவோம். அப்ப மார்ச்சுல பொறந்தவனுக்கு ஞானஸ்நானம் எங்க? யாழினி, நோட்டப் பாரு."

அவள் பார்த்தாள். "ஏப்ரல், மே, ஜூன்... நோ மைக்கேல்."

"பிப்ரவரில ஞானஸ்நானம் வாங்கினவனுக்குப் பொறப்பு எங்க?"

திரையில் தேடினாள். ஜனவரி இல்லை. பிப்ரவரி இல்லை. டிசம்பர் வரை பின்னால் போனாள். இல்லை. ஒருவனுக்குப் பிறப்பு இல்லை, இன்னொருவனுக்கு ஞானஸ்நானம் இல்லை. வந்த பெட்டி ஒன்றுதான். எழுதினவன்தான் இரண்டு தேதி எழுதியிருக்கிறான்.

யாழினி அந்தப் பிறப்புப் பதிவைப் பெரிதாக்கினாள். தகப்பன் தொழில் கூலி வேலை. தகவல் தந்தவர் என்ற இடத்தில் ஜான் நோலன் பெயரை யாரோ எழுதியிருந்தார்கள். நடுவில் கோணலாக ஒரு பெருக்கல் குறி.

"இது என்ன அப்பா?"

"அவருக்கு எழுதத் தெரியாது. குறி போட்டிருக்காரு. நம்ம தாத்தா கைநாட்டு வச்ச மாதிரி."

"நம்ம தாத்தாவுக்கு எழுதத் தெரியாதா?"

 பதினாறு வருடத்தில் இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. லீவுக்குப் போன இருபது இருபது நாட்களில் அந்தப் பேச்சு வரவே இல்லை. அவள் தாத்தாவைப் பார்த்த நாட்களை மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு பள்ளிப் பருவம் வராது. அவர் போய்ச் சேர்ந்தும் விட்டார். எண் வாசிப்பார், மூட்டைகளை எண்ண ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுவார், பெயர் எழுத வராது என்று சொன்னேன். அவள் அந்தப் பெருக்கல் குறியை இன்னும் பெரிதாக்கினாள். "அப்போ ஆஃபிசர் என்ன டேட் எழுதினார்னு இவருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றாள். அவளுடைய தமிழில் ஓட்டை இருக்கலாம். மண்டையில் இல்லை.

ஆனாலும் ஒரு கயிறு அறுந்துதான் இருந்தது. அங்கே ஞானஸ்நானம் பெற்ற மைக்கேல்தான் திருச்சிக்கு வந்த மைக்கேல் என்பதற்கு என்ன அத்தாட்சி? நான் கோவில் சான்றிதழைக் கையில் எடுத்துப் பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். வளைகுடாவில் வேலை பார்க்கிற எவனும் காகிதத்தின் முன்பக்கத்தை நம்பமாட்டான். என் டிப்ளமாவின் முன்பக்கத்தில் இருப்பது என் படிப்பு. பின்பக்கத்தில் இருப்பது நான் அலைந்த அலைச்சல்: நோட்டரி முத்திரை, சென்னை முத்திரை, டெல்லி முத்திரை, தூதரக முத்திரை, இங்கே வந்து இன்னொன்று. எங்களுக்கு உயிர் பின்பக்கம்தான்.

இதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. புதிதாக டைப் அடித்த காகிதம்.

"அண்ணே, இது காப்பி. கோவில் பதிவேட்டுல இருக்கறது பூராவும் இதுல வந்திருக்காது. மூலப் புத்தகத்துல அந்த வரியைச் சுத்தி, ஓரத்துல, மேல கீழ, வேற என்ன கிறுக்கியிருக்குன்னு ஷரோனப் பாக்கச் சொல்லுங்க. மறுபடி போகச் சொல்லுங்க."

"பேரு மட்டும்தான் எழுதிட்டு வந்தா. மறுபடியும் லீவு கேக்கணும்."

"கேக்கச் சொல்லுங்க."

6

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது ஷரோன் அழைத்தாள். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"டாடி, நான் சர்ச் ஆபீஸ்ல இருக்கேன். புக்கு முன்னாடி இருக்கு. உங்க தாத்தா பேருக்குப் பக்கத்துல மார்ஜின்ல சின்னதா எழுதியிருக்கு. இங்க் வேற. கையெழுத்தும் வேற."

"என்ன எழுதியிருக்கு?"

"லத்தீன். கல்யாணம் ஆச்சுங்கற மாதிரி. பொண்ணு பேரு மார்கரெட். அப்புறம் ஊர் பேரு. இருங்க... டி, ஆர், ஐ, சி, எச்..."

அண்ணன் கையை உயர்த்தி அவளை நிறுத்துவதுபோல் காட்டினார். அவளுக்கு எங்கே தெரியும்? அவள் முழுதாகப் படித்தாள். ட்ரிச்சினாப்பொலி.

நான் சார்ஜாவுக்குத் திரும்ப வேண்டிய வழியைத் தவறவிட்டேன். அடுத்ததையும் தவறவிட்டேன். "எங்க மேன் போற?" என்று அண்ணன் கேட்கவில்லை. என்ன நடந்திருக்கிறது என்றால், கத்தோலிக்கர் ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டாலும், அந்த ஊர்ப் பாதிரியார் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்குத் தகவல் எழுத வேண்டும், அவர்கள் அதைப் பழைய பதிவுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது முறையாம். திருச்சியில் யாரோ ஒரு சாமியார் மறக்காமல் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். அங்கே யாரோ ஒரு சாமியார் மறக்காமல் பழைய புத்தகத்தைப் புரட்டி ஓரத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு பேரில் ஒருவர் சோம்பியிருந்தாலும் முடிந்தது. இப்படிப்பட்டவர்கள் எங்கள் கிடங்கில் இரண்டு பேர் இருந்தால் நான் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவேன்.

"டாடி? இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு," என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டிய ஓரமா நிறுத்து செல்வா," என்றார். நிறுத்தினேன். இறங்கிப்போய்ச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் இறங்கவில்லை. ஜோக் அடிக்கத் தெரிந்தவனுக்கு எப்போது அடிக்கக் கூடாது என்றும் கொஞ்சம் தெரியும்.

7

தேதி வித்தியாசத்துக்கு விளக்கமாக நானும் யாழினியும் சேர்ந்து ஒரு கடிதம் தயாரித்தோம். மூன்று பக்கம். கெடு, அபராதம், பெருக்கல் குறி எல்லாம் அதில் இருந்தது; பெரிய ரங்கனும் நடு ரங்கனும்தான் இல்லை. அட்டவணைகூடப் போட்டோம். ஓரக்குறிப்போடு கூடிய பக்கத்தைக் கோவிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்; எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பம் அனுப்பினோம். நவம்பரில் அண்ணனுக்கு அறுபது ஆனது. கம்பெனியில் கேக் வெட்டினார்கள், விசாவை ரத்து செய்தார்கள். பதில் வரவில்லை. அவர் திருச்சிக்குப் போய், பொன்மலை அடிவாரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் காத்திருந்தார். வாரம் ஒருமுறை போன் செய்வார். "ஒண்ணும் வரல மேன்," என்பார். பிறகு நாங்கள் வேறு எதையாவது பேசுவோம்.

விண்ணப்பம் அனுப்பி எட்டாவது மாதம் பதில் வந்தது. ஓரக்குறிப்பையும் திருச்சிக் கல்யாணப் பதிவையும் ஏற்றுக்கொண்டார்கள். தேதியைப் பற்றி ஒரே ஒரு வரி: அந்தக் காலத்துப் பதிவுகளில் இந்த வித்தியாசம் சகஜம், விளக்கம் தேவையில்லை. மூன்று பக்கத்தையும் அட்டவணையையும் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

டெரிக் நோலனின் பெயரை அயர்லாந்து தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. பாஸ்போர்ட் வந்த ஆறாம் நாள் அவர் திருச்சி அறையைக் காலி செய்தார். இப்போது ஷரோன் வீட்டில் இருக்கிறார். காலையில் ஏவாவைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போய் விடுவதும், மத்தியானம் போய் அழைத்து வருவதும் அவர் வேலை.